கனமழை ஏன் கரிசலுக்கு முன்னால் வந்தது: பைத்தானில் ஒரு சொல்லடைவு

கண்மாய், ஏரி, ஊருணி என்று நீர்நிலைகளைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதிய நூல் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு சொல்லடைவு வேண்டும், அதை நான் செய்து தர வேண்டும் என்று ஏற்பாடு. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அது வரும் பக்க எண்கள். ‘கலிங்கு 14, 37, 112’ என்கிற மாதிரி. நிரல் எழுதுகிறவர் கண்ணுக்கு இது கீ-வேல்யூ தரவு. சொல் கீ, பக்கங்கள் வேல்யூ. பைத்தான் நிரல்மொழியில் இதற்கென்றே டிக்ட் என்ற தொகுப்பு இருக்கிறது, அடுக்குவதற்கு சார்டட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆங்கில நூலாக இருந்தால் பெரும்பாலும் முடிந்தும் போயிருக்கும். தமிழில் அங்கிருந்துதான் வேலையே ஆரம்பம்.

முதலில் தரவு வந்த விதம். நண்பர் மெய்ப்புத் தாளில் பென்சிலால் சொற்களை அடிக்கோடிட்டுக்கொண்டே போனார். அவர் மகள் அவற்றை எக்செல்லில் ஏற்றினார். வரிசைக்கு ஒரு பக்கம். முதல் கட்டத்தில் பக்க எண், அடுத்த கட்டத்தில் காற்புள்ளி போட்டுச் சொற்கள். எனக்கு வேண்டியது இதன் தலைகீழ். சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக்கோப்பாக, சேமித்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அந்தப் பக்க எண்ணைச் சேர்த்துக்கொண்டே போனேன். கலெக்ஷன்ஸ் மாட்யூலில் உள்ள டிஃபால்ட்டிக்ட் இதற்கு வசதி. ‘இந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறதா’ என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டாம். இல்லாவிட்டால் அதுவே ஒரு காலி செட்டை வைத்துக்கொள்ளும். லிஸ்ட் வைக்காமல் செட் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே பக்கத்தில் ‘மடை’ மூன்று இடத்தில் அடிக்கோடிடப்பட்டிருந்தாலும் பக்க எண் ஒரு முறைதான் வர வேண்டும்.

பக்க எண்ணைப் படித்த கையோடு இன்ட்டாக, அதாவது முழு எண்ணாக, மாற்றிவிடுங்கள். சிஎஸ்வியிலிருந்து வருவதெல்லாம் எழுத்துச் சரம். அப்படியே விட்டால் 112, 14, 9 என்று அடுக்கும். சரத்துக்கு முதல் எழுத்துதான் கணக்கு, 1 என்பது 9க்கு முன்னால். தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் இப்படி அடுக்கிய விலைப்பட்டியல்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

அடுத்து, டிக்ட்டையே அடுக்கி வைத்துவிடலாமே என்று ஒரு யோசனை வரும். பைத்தான் 3.7இலிருந்து, அதாவது 2018இலிருந்து, டிக்ட் தன்னுள் நுழைந்தவற்றை நுழைந்த வரிசையிலேயே வைத்திருக்கும் என்பது மொழியின் விதி. 3.6இலும் சிபைத்தான் (நாம் வழக்கமாக நிறுவும் பைத்தான்) அப்படித்தான் நடந்துகொண்டது, ஆனால் அப்போது அதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆகவே சார்டட் தரும் ஜோடிகளை மறுபடி ஒரு டிக்ட்டுக்குள் போட்டால் அடுக்கிய டிக்ட் கிடைக்கும். கிடைக்கும்தான். ஆனால் அது காப்பது நுழைந்த வரிசையை, அகரவரிசையை அல்ல. நண்பர் போன் செய்து, ‘அகழி விட்டுப்போச்சு, சேர்த்துக்கங்க’ என்றால் அகழி போய் வைகைக்குப் பின்னால் உட்காரும். அதனால் தரவு எந்த வரிசையிலும் கிடக்கட்டும், அச்சிடும் நேரத்தில் மட்டும் அடுக்குவது என்று வைத்துக்கொண்டேன். எது முன், எது பின் என்ற தீர்மானம் முழுவதும் ஒரே ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும். சார்டட்டுக்கு கீ என்று ஓர் ஆர்குமென்ட் உண்டல்லவா, அதற்குக் கொடுக்கும் ஃபங்ஷன் அது.

டிக்ட்டிலும் கீ, சார்டட்டிலும் கீ என்றால் படிக்கிறவருக்குத் தலை சுற்றும். இனி டிக்ட்டில் இருப்பதைச் சொல் என்றும், அந்த ஃபங்ஷன் திருப்பித் தருவதை அடுக்குச்சாவி என்றும் எழுதுகிறேன்.

சாவி எதுவும் கொடுக்காமல் ஓட்டியபோது ககரத்தில் ஒரு பகுதி இப்படி வந்தது:

கண்மாய்
கனமழை
கரிசல்
கரை
கற்சிறை
கலிங்கு
களர்
கழனி
கவலை

நண்பர் பார்த்துவிட்டு, ‘என்னப்பா, கனமழை கரிசலுக்கு முன்னாடி வந்து நிக்குது? கழனிக்கு அப்புறம் கவலையா?’ என்றார். (இந்தக் கவலை மனக்கவலை அல்ல, மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஏற்றம். அவருடைய கேள்வியில் இரண்டும் இருந்திருக்கலாம்.)

காரணம் ஆர்ட் ஃபங்ஷனைக் கேட்டால் தெரிந்துவிடும். ஓர் எழுத்தைக் கொடுத்தால் அதன் யூனிகோடு எண்ணை அது சொல்லும். ந 2984, ன 2985, ப 2986. பிறகு ர 2992, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. சார்டட்டுக்குத் தமிழ் தெரியாது, இந்த எண்கள்தான் தெரியும். நமக்கோ யரலவழளறன. ன கடைசி மெய். யூனிகோட்டில் அது ந-வை ஒட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறது.

இப்படி ஆனது ஏதோ கவனக்குறைவால் அல்ல. இந்திய எழுத்துகளுக்கு இந்திய அரசு வகுத்த இஸ்கி குறியீட்டை அடியொற்றித்தான் யூனிகோடு இடம் ஒதுக்கியது. அதில் எல்லா மொழிக்கும் ஒரே சட்டகம்; அந்தச் சட்டகம் தேவநாகரி வரிசை. க-வின் எண் 2965, ங-வின் எண் 2969. நடுவே மூன்று இடங்கள் காலி. நாகரியில் அந்த இடங்களில் க-வின் வர்க்க எழுத்துகள் மூன்றும் இருக்கின்றன; தமிழில் அவை இல்லாததால் வெறுமனே கிடக்கின்றன. நாகரியின் வழக்கமான வரிசையில் இல்லாத ன, ற, ழ மூன்றையும் ஒலியில் நெருங்கிய எழுத்துக்குப் பக்கத்தில் செருகினார்கள். ஜ போய் ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையில் விழுந்தது. ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோட்டின் கொள்கை, ஆகவே இது இனி இப்படித்தான். எண் வரிசையை அகரவரிசையாக எடுத்துக்கொள்ளச் சொல்லி யூனிகோடும் எங்கும் சொல்லவில்லை. அடுக்குவதற்கென்று தனியாக ஒரு விதித்தொகுப்பையே வைத்திருக்கிறது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடுடன் சேர்த்து அறிவித்த டேஸ்-16 குறியீட்டில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண், அதுவும் நம் வரிசையில். அதில் சார்டட் சும்மா கூப்பிட்டாலே சரியாக வரும். ஆனால் எக்செல் தாளில் வருவது யூனிகோடு.

தீர்வு கையிலேயே இருக்கிறது என்று பலர் சொல்வார்கள், உண்மைதான். ஐசியூ என்ற நிரல் நூலகத்தில் தமிழுக்கென்று அடுக்கு விதி உண்டு, பைஐசியூ வழியாக அதைப் பைத்தானில் பயன்படுத்தலாம். பெரிய வேலை என்றால் நானும் அதையே எடுப்பேன். இங்கே ஸ்கிரிப்ட்டை ஓட்டப்போவது நண்பரின் மகள், அவருடைய விண்டோஸ் மடிக்கணினியில். வெறும் பைத்தான் மட்டும் இருந்தால் ஓட வேண்டும். லொகேல் மாட்யூல் கூடவே வருவதுதான், ஆனால் அது இயங்குதளத்தில் என்ன நிறுவியிருக்கிறதோ அதைச் சார்ந்தது. என் லினக்ஸில் ஒரு வரிசை, அவர் கணினியில் வேறு வரிசை என்றால் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. எழுத்துகளைப் பிரித்துத் தர ஓப்பன் தமிழ் நூலகமும் இருக்கிறது. கடைசியில் நானே எழுதினேன், ஏனென்றால் விதி ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

விதி இதுதான். உயிர் 12க்கும் 1 முதல் 12 வரை. ஆய்தம் 13. மெய் 18க்கும் 14 முதல் 31 வரை, நம் வரிசையில்: க 14, ங 15, ச 16 என்று போய் ற 30, ன 31. அதற்குப் பின் ஜ, ஶ, ஷ, ஸ, ஹ. சொல்லை எழுத்தெழுத்தாக நடந்து, ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு எண்கள் கொண்ட ஒரு ஜோடி. முதல் எண் மெய்யின் இடம். இரண்டாம் எண் அதில் ஏறிய உயிர்: அகரம் 1, ஆகாரம் 2, ஐகாரம் 9, ஔகாரம் 12. புள்ளிக்கு 0. யூனிகோட்டில் ‘டை’ என்பது ட-வும் ஐகாரக் குறியுமாக இரண்டு குறிகள். அதனால் மெய்யைப் பார்த்ததும் அகரம் ஏறியதாக வைத்துக்கொண்டு ஜோடியைச் சேர்க்க வேண்டும். அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் கடைசி ஜோடியின் இரண்டாம் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றே கிளைகள், அவ்வளவுதான்.

மடை: (23, 1) (18, 9)
மட்டம்: (23, 1) (18, 0) (18, 1) (23, 0)

இந்த ஜோடிகளின் வரிசையே அடுக்குச்சாவி. பைத்தான் இப்படிப்பட்ட இரண்டு வரிசைகளை (டியூப்பிள் என்பார்கள்) முன்னாலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும், முதல் வித்தியாசத்தில் முடிவு சொல்லிவிடும். வித்தியாசமே இல்லாமல் ஒன்று தீர்ந்துபோனால் குட்டையானது முன்னால். மடைக்கு அப்புறம் மடைத்தூம்பு வருவது இதனால். மேலே உள்ள இரண்டில் முதல் ஜோடி ஒன்றே. இரண்டாவதில் 18ம் ஒன்றே. 0 என்பது 9ஐவிடச் சிறியது. ஆக மட்டம், அப்புறம் மடை.

புள்ளிக்கு ஏன் 0 என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மெய் வரிசையைத் திருத்திவிட்டுப் புள்ளியை மறந்துவிடுகிற ஸ்கிரிப்ட்டுகள் ஏராளம். புள்ளியின் யூனிகோடு எண் 3021. உயிர்க்குறிகள் எல்லாம் 3006 முதல் 3020 வரை. எனவே எண்ணை நம்பினால் க, கா, கி என்று ஓடி கௌ முடிந்த பிறகுதான் க் வரும். அகராதியில் தலைகீழ்: அக்கா வந்த பிறகே அகம். தமிழில் இரட்டிக்கும் ஒற்று எத்தனை சொற்களில் வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். கட்டு, கட்டளை, மட்டம், பட்டம், குட்டை எல்லாம் இடம் மாறி நிற்கும். ன, ற சிக்கல் ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு இடத்தில்தான் கண்ணில் படும். புள்ளிச் சிக்கல் வரிக்கு வரி படும்.

சாவியை மாட்டியதும்:

கண்மாய்
கரிசல்
கரை
கலிங்கு
கவலை
கழனி
களர்
கற்சிறை
கனமழை

என் கணினியில் பைஐசியூ தந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன். இதோடு அடுக்கு வேலை முடிந்தது. ஆனால் பட்டியலில் தொட்டிப்பாலம் இரண்டு முறை வந்திருந்தது. ஒன்றுக்குப் பக்கம் 21, 88. வேறோர் இடத்தில் இன்னொரு தொட்டிப்பாலம், பக்கம் 40.

திரையில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. குறிகளை எண்ணிச் சொல்லும் லென் போட்டால் ஒன்று 13, மற்றது 14. ‘தொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். எந்த விசைப்பலகை எதை அனுப்பும் என்பது தட்டச்சு செய்கிறவருக்கே தெரியாது. கண்ணுக்கு ஒன்று, டிக்ட்டுக்கு இரண்டு. யூனிகோடுடேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனுக்கு என்எஃப்சி என்று சொல்லிக் கொடுத்தால் இரண்டு குறியாக இருப்பதை ஒன்றாக்கிவிடும்.

இதை அடுக்குச்சாவிக்குள் செய்யக்கூடாது. சாவிக்குள் செய்தால் இரண்டு தொட்டிப்பாலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஒன்றாகச் சேராது. இரண்டு சொல் ஒன்றா என்ற கேள்விக்கு டிக்ட்டுக்குள் நுழையும்போதே விடை சொல்லிவிட வேண்டும். அடுக்குவது அதற்கு ரொம்பப் பின்னால் வரும் வேலை. வாசலில் ஒரு சுத்தம் செய்யும் ஃபங்ஷன், அச்சிடும் இடத்தில் ஒரு சாவி ஃபங்ஷன் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்தேன்.

வாசல் ஃபங்ஷன் நாளுக்கு நாள் வளர்ந்தது. என்எஃப்சி மட்டும் போதவில்லை. சில சொற்களின் நடுவே கண்ணுக்குத் தெரியாத 8204 என்ற எண்ணுடைய இணைப்புத் தடுப்புக் குறி இருந்தது. அது சில தமிழ் விசைப்பலகைகள் விட்டுச்செல்லும் எச்சம். மெய்ப்பின் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த சொற்களில் வரி முறிக்கும் மென்கோடு, எண் 173. ஸ்ட்ரிப் போட்டால் இரு முனையிலும் உள்ள வெற்றிடம் போகும், இவை போகா. பெயர் சொல்லி நீக்க வேண்டும். கோப்பின் முதல் கட்டத்தில் எக்செல் வைக்கும் 65279 என்ற தொடக்கக் குறி இன்னொரு தொல்லை. அது ஒட்டிக்கொண்டால் முதல் பக்க எண்ணை இன்ட்டாக மாற்றும்போதே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். கோப்பைத் திறக்கும்போதே குறியீடு யூடிஎஃப்-8-சிக் என்று சொன்னால் இதை அதுவே விழுங்கிக்கொள்ளும்.

இதுவரை சொன்னவை இயந்திரமே தீர்க்கக்கூடியவை. கௌசிகா நதி அப்படி இல்லை. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள-வும் அடித்து ‘கெளசிகா’ என்று எழுதுவது நம்மில் பலருக்குப் பழக்கம். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் என்எஃப்சி இதைத் தொடாது, ஏனென்றால் அதன் கணக்கில் இது வேறு சொல். சரி, கொம்புக்குப் பின் ள வந்தால் ஔகாரமாக்கு என்று ஒரே வரியில் எழுதிவிடலாமா? எழுதினால் நூலில் வரும் கெளுத்தி மீன் நாசமாகிவிடும். அது நிஜமாகவே ளுகரம் போட்ட சொல். ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் பொறுக்கி ஒரு பட்டியல் எடுத்து நண்பரிடம் கொடுத்தேன். அவர் பார்த்துச் சொன்னதை மட்டும் மாற்றினேன்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலும் இதே கதை. ‘ஸ்ரீ’யை ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். ஶ யூனிகோட்டுக்குள் வந்ததே 2005இல்தான், ஆகவே பழைய கோப்புகளில் எல்லாம் ஸ. ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஒரு வரி சேர்த்தேன். நண்பர் உடனே, நூலில் திருவைகுண்டம் என்றுதான் எழுதியிருக்கிறேன், ஸ்ரீவைகுண்டத்துக்கு எதிரே ‘திருவைகுண்டம் பார்க்க’ என்று போடுங்கள் என்றார்.

அங்கே வேல்யூவின் வடிவம் பற்றி யோசிக்க வேண்டி வந்தது. எல்லாச் சொல்லுக்கும் எதிரே எண்களின் செட். இதற்கு மட்டும் ஒரு சரம். கலுங்கு, கழுங்கு இரண்டுக்கும் ‘கலிங்கு பார்க்க’ என்று வேண்டும். ஒரே டிக்ட்டில் சில இடத்தில் செட், சில இடத்தில் சரம் என்று கலந்தால் பக்கங்களை அடுக்கும் இடம், எண்ணும் இடம், அச்சிடும் இடம் எல்லாவற்றிலும் ‘இது எந்த வகை’ என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சரத்துக்கு லென் போட்டால் பிழை வராது, எழுத்தின் எண்ணிக்கையைப் பக்க எண்ணிக்கை மாதிரி சொல்லிவிட்டுப் போய்விடும். ஆகவே ‘பார்க்க’ குறிப்புகளுக்குத் தனி டிக்ட். அச்சிடும்போது இரண்டின் சொற்களையும் சேர்த்து ஒரே சாவியால் அடுக்கி, எந்த டிக்ட்டில் இருக்கிறதோ அதற்கேற்ப வரியை எழுதினால் போதும்.

இடைவெளி, எண் பற்றிச் சுருக்கமாக. ‘ஏரி மராமத்து’ முன்னாலா ‘ஏரிக்கரை’ முன்னாலா? இடைவெளியைக் கணக்கில் எடுத்தால் மராமத்து முன்னால், இடைவெளி இல்லாத மாதிரி பாவித்தால் கரை முன்னால். இரண்டு வழக்கமும் உலகத்தில் உண்டு. ஏரி என்று தனியாகத் தொடங்குபவை ஓரிடத்தில் சேர்ந்து நிற்பது தேடுகிறவருக்கு வசதி என்பதால் இடைவெளிக்கு (0, 0) கொடுத்தேன். இராஜசிங்கமங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்பார்கள். நூலில் அது ‘48 மடைக் கண்மாய்’ என்றும் வருகிறது. எண்ணை எழுத்துக்கு முன்னால் தள்ளுவதா, ந வரிசையில் வைப்பதா? சாவி ஃபங்ஷனில் இதற்கெல்லாம் தந்திரம் செய்யப்போனால் முடிவே இருக்காது. அந்த ஒரு சொல்லை ‘நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று எழுதிவிட்டேன்.

நண்பருக்கு இன்னொரு பட்டியலும் தேவைப்பட்டது: அதிகப் பக்கங்களில் வரும் சொல் முதலில். ‘நீர்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அதற்கு எதிரே எண்களைக் கொட்டி யாருக்கும் பயனில்லை. நீக்க வேண்டும் அல்லது உட்தலைப்பாகப் பிரிக்க வேண்டும். வேல்யூவை வைத்து அடுக்குவதுதான் இது. சாவியாக பக்க எண்ணிக்கையைக் கொடுத்து ரிவர்ஸ் என்று சொன்னால் பெரியது முதலில் வரும். ஆனால் ஒரே எண்ணிக்கை உள்ள சொற்களுக்குள் அகரவரிசை வேண்டுமே? சாவியில் எண்ணிக்கை, தமிழ்ச்சாவி இரண்டையும் வைத்து ரிவர்ஸ் போட்டால் அகரவரிசையும் சேர்ந்து கவிழ்ந்துவிடும். எண்ணிக்கைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு, ரிவர்ஸை எடுத்துவிட்டால் தீர்ந்தது: கழித்தல் 12, கழித்தல் 9ஐவிடச் சிறியது, எனவே தானாக முன்னால் வரும், அகரவரிசை நேராகவே இருக்கும். கழித்தல் குறி போட முடியாத இடத்தில் இரண்டு தடவை அடுக்கலாம். முதலில் தமிழ்ச்சாவியால், பிறகு எண்ணிக்கையால். பைத்தானின் அடுக்கு முறை டிம் பீட்டர்ஸ் 2002இல் எழுதிய டிம்சார்ட். சமமானவற்றின் முந்தைய வரிசையை அது கலைக்காது, ரிவர்ஸ் போட்டாலும் கலைக்காது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சாவி எழுதச் சோம்பல்பட்டு, எண்ணிக்கையையும் பக்க செட்டையும் ஜோடியாக்கி நேரே சார்டட்டிடம் கொடுக்கிறவர்கள் உண்டு. எண்ணிக்கை சமமானால் பைத்தான் அடுத்ததை, அதாவது செட்டை, ஒப்பிடப் போகும். அது டிக்ட்டாக இருந்தால் டைப்எரர் என்று கத்தி நின்றுவிடும், நல்லது. செட் கத்தாது. செட்டுக்குச் ‘சிறியது’ என்றால் உட்கணம் என்று பொருள். 14, 37 என்ற செட் 21, 88 என்ற செட்டைவிடச் சிறியதும் இல்லை, பெரியதும் இல்லை. சார்டட் இதை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு வரிசையைத் தந்துவிடும், பிழைச் செய்தி ஒரு வரிகூட வராது.

நடுவில் சேமிப்பதற்கு ஜேசன் என்ற உரைக்கோப்பு வடிவம். அதற்குச் செட் பிடிக்காது, அடுக்கிய லிஸ்ட்டாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். என்ஷ்யூர் ஆஸ்கி என்பதை ஃபால்ஸ் ஆக்காவிட்டால் கோப்பு முழுக்கத் தமிழுக்குப் பதில் எண்களாகத் தெரியும். சார்ட் கீஸ் என்று ஒரு வசதியும் உண்டு. அது யூனிகோடு எண் வரிசையில்தான் அடுக்கும், நாம் போட்ட சாவியை மதிக்காது. அச்சுக்குப் போகும் கோப்பில் அதைத் தொடாதீர்கள். கோப்பின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற மென்பொருளில் வைத்துக்கொள்ளும் கோப்புக்கு நான் அதையே பயன்படுத்துகிறேன். அங்கே வரிசை அழகாக இருக்கத் தேவையில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் போதும். நண்பர் சேர்த்த ஒரு சொல், மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் ஒரே இடத்தில் தெரிகிறது.

பக்க வடிவமைப்பாளர் எழுத்துக்கு ஒரு தலைப்பு கேட்டார்: அ, ஆ, க, கா என்று. இட்டர்டூல்ஸ் மாட்யூலில் உள்ள குரூப்பை, அடுத்தடுத்து வருபவற்றை மட்டும்தான் சேர்க்கும், ஆகவே அடுக்கிய பிறகு கொடுக்க வேண்டும். எதை வைத்துக் குழு பிரிப்பது என்பதற்குப் புதிதாக எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. அடுக்குச்சாவியின் முதல் ஜோடியே போதும். கடைசி மெய்ப்பில் 60ஆம் பக்கத்துக்குப் பின்னால் ஒரு வரைபடம் நுழைந்து எல்லாம் இரண்டு பக்கம் தள்ளிப்போனது. வாசலில் எண்ணைப் படிக்கும் இடத்தில் 60க்கு மேற்பட்டதற்கு இரண்டைக் கூட்டி மறுபடி ஓட்டினார் நண்பரின் மகள். சொல்லுக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளிக்குப் பதில் டேப் வேண்டும் என்று வடிவமைப்பாளர் கேட்டதையும் அவரே மாற்றி அனுப்பிவிட்டார்.